பெயின்ட் வாளியில் தோட்டம் போட்டவர்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய கேட் பாஸில் நாலு வருஷம் அதைத் தப்பாக அடித்துக் கொடுத்தவள் நான்தான். இரண்டு தடவை வந்து சொன்னார், நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. இப்போது சரியாக எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. காருக்கான தகடுகளை அழுத்தி, வளைத்து, பெயின்ட் அடித்து அனுப்புகிற இடம். நான் அங்கே எச்.ஆர். பிரிவில் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறி, பெரியபாளையம் வரைக்கும் தூங்கி, அதற்கப்புறம் போனை நோண்டிக்கொண்டு போய் இறங்குவேன். அந்த அக்கா கான்ட்ராக்ட் ஆள். பெருக்குவது, துடைப்பது, கழிவறை கழுவுவது. எளாவூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. புடவைக்கு மேல் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டை மாட்டியிருப்பார், அதில் இன்னொருவரும் நுழைந்துகொள்ளலாம்.

அவர் வேலைக்கு வந்து பல மாதம் ஆகியிருந்தும் நான் அவரைப் பார்த்ததில்லை. தினமும் என் மேஜையைத் துடைத்தவர் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் பார்த்தது, அவர் என்னைத் திட்டியபோது.

பிரஸ் ஷாப்புக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ஆறடி அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் ஷெட்டின் தகரச் சுவர் உயரமாக ஏறி நிற்பதால், உச்சி வேளையில் அரை மணி நேரம் வெயில் வந்தால் அதிகம். அங்கே போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள், போனேன். போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டிக் காலி பெயின்ட் வாளிகள், இருபது லிட்டர் வாளிகள், வரிசையாக. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செடி. சிவப்பு, ஊதா, எலுமிச்சைப் பச்சை, வெள்ளைக் கோடு போட்டது. அந்த இருட்டுச் சந்தில் அவ்வளவு நிறத்தை நான் எதிர்பார்க்கவில்லை. போனில் பேசிக்கொண்டே, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றினேன். ஏதோ புண்ணியம் செய்கிற நினைப்பு.

"யே மேடம்! இன்னா பண்ற நீ?"

திரும்பிப் பார்த்தேன். கையில் துடைப்பத்தோடு நின்றார்.

"தண்ணி ஊத்தறேன்."

"அது உன்னாண்ட கேட்டுச்சா? வெரல உட்டுப் பாத்தியா, மண்ணு ஈரமாக் கீதா காஞ்சிக் கீதான்னு?"

"இல்ல..."

"வெய்யில்ல கீற செடிதான் தண்ணி இல்லாத சாவும். நெழல்ல கீற செடி தண்ணியிலயே சாவும். பாக்காம ஊத்திட்டுப் பூடுவ நீ. நாளிக்கி வேரு அழுவிச்சின்னா யாரு பாக்கறது?"

கம்பெனியில் என்னை யாரும் அப்படிப் பேசியது கிடையாது. எச்.ஆர். என்றால் சூப்பர்வைசர்கூடக் குழைவான். இந்த அம்மா 'மேடம்' என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வார்த்தையிலேயே 'நீ' என்கிறார். ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. என் மேஜை மட்டும் தினமும் துடைத்துக் கிடந்தது.

அவர் எல்லோரையும் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். பாத்தியா? ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்பார், பாத்தியா? கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று போனில் புகார் சொன்னால், நீ போயிப் பாத்தியா? யாரோ ஒருத்தியைப் பற்றி யாரோ ஏதோ பேசினால், பாத்தியா நீ? பார்க்காமல் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். பாசமான அம்மா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூட வேலை செய்த ஒரு பெண், பிள்ளைக்குக் காட்டுவதற்காக ஒரு சிவப்பு இலையைக் கிள்ளியதற்குக் கையிலேயே ஒன்று வைத்தார். அந்தப் பெண் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளிடம் ஒரு தண்டை வெட்டிக் கொடுத்து, "ஊட்ல தண்ணில போட்டு வையி, வேரு உடும்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

செடி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டா தர்றாங்கோ. தர்லன்னா கிள்ளிக்கினு வந்துடுவேன்" என்றார்.

ஸ்டேஷன் பக்கம், ஆஸ்பத்திரி வாசல், யார் வீட்டுக் கேட்டுக்கு வெளியிலோ நீட்டிக்கொண்டிருந்த கிளை, எல்லாம் ஈரத் துணியில் சுற்றி, சோற்று டப்பாவோடு வயர் கூடையில் உள்ளே வந்தது. வாளி பெயின்ட் ஷாப்பில் வேண்டாமென்று தூக்கிப் போட்டது. அடியில் ஓட்டை போடுவதற்கு மெயின்டனன்ஸில் ஒருவரைப் பிடித்துவைத்திருந்தார். நர்சரிக்காரர்கள் கோலியஸ் என்கிற செடியை அவர் பட்டுப்பொடவை என்பார். அது பூ விட்டால் அப்படியே கிள்ளி எறிவார். பூவைக் கிள்ளுகிறாரே என்று எனக்குத் திக்கென்றது.

"இது பூ உட்டா எல சொங்கிப் பூடும். நம்பளுக்கு எலதான பூவு?"

ஒரு வாளியில் என்னென்ன சேர்ப்பது என்பதில் அவருக்குப் பிடிவாதம் அதிகம். நான் அழகாக இருக்குமே என்று சிவப்பு கோலியஸ் பக்கத்தில் ஊதா இலைச் செடியை நகர்த்தி வைத்தேன். வந்து பார்த்தார், எடுத்துவிட்டார்.

"செவப்பும் ஊதாவும் நெழல்ல ஒண்ணா வெச்சா ரெண்டும் காணாம பூடும் மேடம். தள்ளிப் போயி நின்னு பாரு."

நின்று பார்த்தேன். உண்மைதான், பத்தடி தள்ளிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே கறுப்பாக இருந்தது. நடுவில் வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் செடியை வைத்தார். சிவப்பு உடனே எழுந்து நின்றது. எந்த வாளியிலும் மண் வெளியே தெரியக் கூடாது, ஓரத்தில் ஏதாவது படர்ந்து வழிய வேண்டும். தெரிந்தால் சாப்பிடும்போது ஈ மொய்க்கும் என்பார்.

சாப்பிடும்போது. அதற்குத்தான் இத்தனையும். எங்கள் கேன்டீன் கம்பெனி ஆட்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இடம் கொள்ளாது என்று ஒரு விதி, நான் சேர்வதற்கு முன்பே போட்டது. இடம் கொள்ளாமல் இல்லை, மத்தியானம் கால்வாசி மேஜை காலிதான். பெருக்குகிற பெண்கள் பன்னிரண்டு பேர் அந்தச் சந்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கம்ப்ரஸர் தண்ணீர் ஒழுகும் பாசிச் சுவர். சந்தின் இரண்டு முனையும் திறந்திருக்கும். லோடு ஏற்றுகிறவன், டிரைவர், போகிற வருகிறவன் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று இவர்கள் வாயைப் பார்த்துவிட்டுப் போவான். "இன்னாக்கா, இன்னிக்கி கருவாடா?" என்று ஒருவன் தினமும் கேட்பானாம். அதனால்தான் சந்தின் இரண்டு வாயிலும் உயரமான அரிக்கா பாம் செடி, கவிழ்த்த வாளி மேல் வாளி வைத்து ஏற்றியது. பாசிச் சுவரை மறைக்க நடு உயரத்தில் கோலியஸ். உட்காருகிற இடத்தை ஒட்டிக் கீழே படர்கிறவை. தோட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு ஒரு மறைப்பு. ஒரு வாய்ச் சோற்றை யாரும் பார்க்காமல் தின்பதற்காகப் போட்டது.

இது தெரியாமல் ஒரு தடவை பெரிய மனசு பண்ணி, திருவள்ளூர் நர்சரியிலிருந்து அகலமான புள்ளி இலை வைத்த டிஃபன்பேகியா ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போனேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் சிவந்துவிட்டது.

"இத்தோட பாலு நாக்குல பட்டா வாயி வீங்கிப் பேச்சே வராது. சோறு துன்ற எடத்துல இத்தப் போயி வெப்பாங்களா? கடைல கேட்டியா, இன்னா செடின்னு?"

"நல்லா இருக்குதுன்னு வாங்கினேன்க்கா."

"நல்லா கீதுன்னு வாங்கினியா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அதைக் கொண்டுபோய், தொழிற்சாலைக்கே பெரியவரான பிளான்ட் ஹெட்டின் அறை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஏன் அங்கே என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக அது தெரியும்போதெல்லாம் அந்தப் பெண்கள் சிரிப்பார்கள்.

ஆடிட் வருகிறது என்றால் எங்கள் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம். முதலுதவிப் பெட்டியில் அன்றைக்குத்தான் மருந்து இருக்கும். பேப்பரில் காட்டியதைவிடக் கான்ட்ராக்ட் தலைகள் அதிகம் என்பதால், பாதிப் பேரைப் பின்கேட் பக்கம் ஒதுக்கி, வந்தவர்கள் போகும்வரை அங்கேயே இருக்கச் சொல்வோம். ஒரு குட்டியானை வண்டியில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து இறங்கும். மஞ்சளும் சிவப்புமாக ரிசப்ஷனிலும் காரிடாரிலும் நிறுத்துவோம். ஒரு மாதத்தில் அவை நிறம் போய் வெறும் பச்சையாகி, இலை கொட்டி, ஸ்கிராப் யார்டில் விழும். அடுத்த ஆடிட்டுக்கு அடுத்த குட்டியானை. எங்களில் ஒருத்தருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை.

அந்த அக்காவுக்குப் பட்டது. நேராக என் சீட்டுக்கே வந்துவிட்டார்.

"வெய்யில்லயே வளர்ந்தத இட்டாந்து டியூப்லைட்டுக்கு அடில குந்த வெச்சா கலரு எங்கேர்ந்து வரும்? அது வெய்யில துன்னுதான செவக்குது?"

"அப்ப என்ன வெக்கலாம்? நீங்களே சொல்லுங்கக்கா."

"அங்க எம்மா நேரம் வெளிச்சம் வருது? காலைலயா, சாங்காலமா? நான் அந்தாண்ட டாய்லெட்டுல இருப்பேன், என்னால பாக்க முடியாது. நீ ஒருநாளு பாத்து சொல்லு. பத்து மணிக்கு ஒருவாட்டி, ஒரு மணிக்கு ஒருவாட்டி, நாலு மணிக்கு ஒருவாட்டி."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. என் சீட்டிலிருந்து காரிடார் இருபதடிகூட இல்லை. மறுநாள் கேட்டபோது, "நேர் வெயிலே வராதுக்கா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் சந்திலிருந்து நன்றாக வளர்ந்த ஆறு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தார். காரிடார் வேறு இடமாகிவிட்டது. பிளான்ட் ஹெட்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாகியது. ஒருநாள் நாலு மணிக்கு அந்த அக்கா வந்து காரிடாரில் நின்றார். மேற்குப் பக்கக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்கி, ஆறு வாளி மேலும் நேராக விழுந்தது.

"பாத்தேன்னு சொன்னியே?"

"பாத்தேன்க்கா."

"எத்தினி மணிக்கு?"

நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன்.

"பாக்கலன்னு சொல்லியிருந்தீன்னா நானே நாஷ்டா டைம்ல ஓடியாந்து பாத்திருப்பேன். பாத்தேன்னு இன்னாத்துக்கு சொல்ற? உன் ஒரு வார்த்தைய நம்பி ஆறு வாளி பூட்ச்சி."

ஆறையும் அவரே இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போனார். நான் உதவிக்கு எழுந்திருக்கவில்லை. செடி கெட்டதற்கு இந்தப் பேச்சா என்று எனக்குத்தான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தீயணைப்பு ஒத்திகை ஒன்று நடந்தது. சைரன் அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடி ஒரு இடத்தில் கூட வேண்டும். பிளான்ட் ஹெட் கூட்டத்தைத் தவிர்க்கக் குறுக்கு வழியாகச் சந்துக்குள் நுழைந்தார். நான் பின்னால் போனேன். அப்போதுதான் சாப்பாடு முடித்துப் பெண்கள் எழுந்து போயிருந்தார்கள். அவர் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"யார் பண்ணினது இது?"

"நம்ம ஹவுஸ்கீப்பிங்தான் சார்" என்றேன், ஏதோ நானே நட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"சூப்பர். கஸ்டமர் விசிட்ல இதக் காட்டணும்."

ஒரு வாரத்தில் சந்து மாறிவிட்டது. தரையில் கூழாங்கல் கொட்டினார்கள். இரண்டு கிரானைட் பெஞ்சு வந்தது. இரண்டு வாயிலும் பித்தளைக் கம்பம் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். பளபளவென்று ஒரு பலகை. பலகை வாசகம் தமிழிலும் இங்கிலீஷிலும் நான் எழுதியது. 'பசுமை ஓய்விடம். இங்கு அமரவோ உணவு உண்ணவோ அனுமதி இல்லை.' ஓய்விடம் என்று போட்டுவிட்டு உட்காரக் கூடாது என்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் மூன்று தடவை பார்த்தேன்.

அவரிடம் சொல்ல வேண்டியது என் வேலை. சந்தோஷப்படுவார் என்று நிஜமாகவே நினைத்தேன். உங்கள் செடியை வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கப் போகிறார்கள் என்று ஆரம்பித்தேன்.

"அப்ப நாங்கோ எங்க குந்தி துன்றது?"

"சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஸ்கிராப் யார்டுகிட்ட இடம் இருக்குக்கா. ரெண்டு வாரம்தான். விசிட் முடிஞ்சதும் பழையபடி இங்கயே உக்காரலாம்."

"ரெண்டு வாரம்னு பெரியவரு சொன்னாரா? நீ கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஸ்கிராப் யார்டு பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதற்கடியில் அனல். காற்றடித்தால் துருத்தூள் பறந்து சோற்றில் விழும். உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஒரு பெண் டப்பா மூடியைத் திறக்காமல், கைவிடும் அளவுக்கு மட்டும் நகர்த்திக்கொண்டு சாப்பிட்டதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன்.

செடியைக் கவனிக்க மட்டும் அந்த அக்கா கயிற்றுக்கு உள்ளே போகலாம். விரலை விட்டுப் பார்ப்பார், வேண்டியதற்கு மட்டும் ஊற்றுவார், பூவைக் கிள்ளுவார், வெளியே வந்து கயிற்றை மாட்டுவார். ஏதாவது செய்து காட்டியிருக்கலாம், தண்ணீர் ஊற்றாமல் விட்டிருக்கலாம் என்று எனக்கு அவர் மேல்கூடக் கோபம் வந்திருக்கிறது. மூன்று தடவை என்னிடம் கேட்டார். பெரியவராண்ட பேசினியா? பேசறேன்க்கா. பேசினியா? சார் மீட்டிங்ல இருக்கார்க்கா. பேசினியா மேடம்? பேசிக்கிட்டிருக்கேன்க்கா. ஒரு தடவை பிளான்ட் ஹெட் அறைக் கதவு வரைக்கும் போனேன். போனில் இருந்தார். அந்த ஒரு காரணம் எனக்குப் போதுமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசிட் முடிந்த வாரமே கான்ட்ராக்டர் ஆளை மாற்றிவிட்டார். அந்த அக்காவின் கேட் பாஸை நான்தான் வாங்கி, கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினேன். அது நடைமுறை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சந்தில் இன்றைக்கும் கயிறு கட்டித்தான் இருக்கிறது. பெண்கள் இன்றைக்கும் ஸ்கிராப் யார்டு பக்கம்தான். செடிகளாவது வாடித் தொலைத்திருக்கலாம். அதுவும் இல்லை. அவரிடம் கையில் அடி வாங்கிய அந்தப் பெண் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறாள், கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கின்றன. யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். இப்போது விசிட் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கஸ்டமர் பக்கத்திலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், ஒரு ஆண், ஒரு பெண். பன்னிரண்டு பேரையும் காலையிலேயே பின்கேட் பக்கம் அனுப்பியாயிற்று. எனக்கு இங்கிலீஷ் சரளமாக வரும் என்று பிளான்ட் ஹெட் என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். பிரஸ் ஷாப் பார்த்து, பெயின்ட் ஷாப் பார்த்து, பன்னிரண்டரை மணிக்குச் சந்துக்கு வந்தோம். கயிறு அவிழ்ந்து கிடந்தது. உள்ளே, பெஞ்சில் இல்லை, கூழாங்கல் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா. கருவாட்டுக் குழம்பு வாசனை சந்து முழுக்க.

"யாரு இவங்கள உள்ள விட்டது?" என்று பிளான்ட் ஹெட் சிரித்த முகம் மாறாமலே, பல்லுக்கு நடுவில் என்னைக் கேட்டார்.

அதற்குள் அந்த வெள்ளைக்கார அம்மா முன்னால் போய்விட்டார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மாதிரி முகம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வாளியின் முன் குனிந்து, வழிந்த இலையை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு அந்த அக்காவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இதெல்லாம் நீங்கள் செய்ததா என்று இங்கிலீஷில் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"இதெல்லாம் நீங்க வெச்சதான்னு கேக்கறாங்கக்கா" என்றேன்.

அவர் வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார். எழுந்திருக்கவில்லை.

"ஆமான்னு சொல்லு. நான்தான் வெச்சேன். எதுக்கு வெச்சேன்னும் சொல்லு. நாங்கோ பன்னண்டு பொம்பளைங்கோ இங்கதான் குந்திக்கினு துன்னோம். கேன்டீன்ல எங்களுக்கு எடம் கெடையாது. போறவன் வர்றவன் வாயப் பாக்காத ஒரு வாயி சோறு துன்றதுக்குதான் இத்தினியும் வெச்சேன். வெச்சது அழகாயிட்ச்சின்னு எங்கள தொரத்திட்டாங்கோ. இப்ப அல்லாரும் துருவுல குந்தித் துன்றாங்கோ. பொய்யின்னா வந்து பாக்கச் சொல்லு, நான் இட்டுக்கினு போறேன். அவ்ளோதான். சொல்லு மேடம்."

பிளான்ட் ஹெட்டுக்குத் தமிழ் புரியும். அவர் அந்த அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மிரட்டவெல்லாம் இல்லை, சும்மா பார்த்தார். அவர் மிரட்டியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும்.

இவர்கள் இங்கே சாப்பிட்டார்கள், நாங்கள் துரத்திவிட்டோம். அவ்வளவுதான் விஷயம். எனக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை அது. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும்.

நான் அந்த வெள்ளைக்கார அம்மாவிடம், இவர்தான் வைத்தாராம், இங்கே வேலை செய்வதில் இவருக்கு ரொம்ப சந்தோஷமாம் என்று சொன்னேன்.

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். அவர் கண் கலங்கியது. முகமெல்லாம் சிரிப்பாக, அந்த அக்காவின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

அந்த அக்கா எச்சில் கையை டப்பாவுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னது அத்தினியும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு அந்தம்மா சிரிக்குது?"